தவணை மாதாமாதம் வரும், நெல்லு மாசியிலதான் வரும்

எங்கள் வன்னிப் பக்கத்தில் வீடு கட்டினவர்களிடம் காசு எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்தான் வரும்: வீட்டுத்திட்டம், வெளிநாட்டில் இருக்கிற தம்பி, இல்லாவிட்டால் காணி வித்த காசு. 2009க்குப் பிறகு மீளக்குடியேறின ஊர்களில் இந்திய வீட்டுத்திட்டத்தின் ஐந்தரை லட்சம் ரூபாயில் எழும்பின வீடுகளைத்தான் நிறையப் பார்க்கலாம். அம்மாவின் வீடும் அப்படி வந்ததுதான். அதில்தான் அப்போது அம்மா, நான், இரண்டு பிள்ளைகள், லீவில் வந்தால் கணவர். காணியை வங்கிக்கு ஈடு வைத்து, பதினைந்து வருடத்துக்குத் தவணை கட்டுகிற ஒருவரைப் பிடித்து 'இது உள்ளே போனால் எப்படி இருக்கும்?' என்று கேட்க ஊரில் எனக்கு ஆள் கிடைக்கவில்லை. நுண்கடனில் மாட்டுப்பட்ட கதைகள் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. ஆனால் அது வேறு உலகம். அதனால்தான் மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் ஒரு ஊரில் இருந்துகொண்டு, வவுனியாவில் வேலை பார்த்துக்கொண்டு, அவர் கட்டாரில் இருக்க, நான் ஒருத்தியாக இதைக் கடந்த கதையை எழுதுகிறேன். கடன் எடுக்கவேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எடுக்கிறவர்கள் என்ன என்ன கேட்டுவிட்டு எடுக்கவேண்டும் என்பதுதான் விஷயம்.

முதலில் காணி. வன்னியில் வீட்டுக்கடன் என்றால் பாதிச் சீவன் இங்கேயே போய்விடும். எங்களுக்கு இரண்டு காணி. அவரின் பெயரில் குளத்துக்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல், பெர்மிட் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. என்னுடைய பெயரில் அரை ஏக்கர் மேட்டுக்காணி, அம்மா சீதனமாக எழுதித் தந்தது, உறுதிக் காணி. வயல்தான் பெறுமதி, அதைக் காட்டினால் கடன் சுகமாகக் கிடைக்கும் என்று அவர் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். வங்கியில் கடன் பகுதியில் இருந்த தம்பி பெர்மிட்டை ஒருமுறை பார்த்துவிட்டு மேசையின் மற்றப் பக்கம் நகர்த்திவைத்தார். "அக்கா, இது அரசாங்கக் காணி. உறுதி இருக்கிறதைக் காட்டுங்கோ." காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்றவோ ஈடு வைக்கவோ முடியாது. அளிப்புப் பத்திரம் (அரசாங்கம் காணியை எழுதித் தருகிற பத்திரம்) கிடைத்த காணி என்றால் நிலைமை கொஞ்சம் வேறு. அதற்கும் பிரதேச செயலகத்தின் கடிதம் வேண்டும், எந்த வங்கி ஏற்கும் என்று முதலிலேயே கேட்கவேண்டும். முல்லைத்தீவுப் பக்கம் பெரும்பாலான காணிகள் பெர்மிட்தான் என்பதால், வரைபடம் கீறக் காசு கொடுக்க முதல் இந்த ஒரு கேள்வியைத் தீர்த்துவிடுங்கள். எங்கள் ஊரில் ஒரு குடும்பம் வரைபடமும் மதிப்பீடும் எல்லாம் செய்து முடித்த பிறகுதான் பெர்மிட் என்பதற்காகத் திரும்பி வந்தது.

உறுதியும் கையில் இருக்கவில்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போனதில் எங்கேயோ போய்விட்டது. அதற்குப் பயப்படத் தேவையில்லை, காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஆனால் வங்கி பழைய பதிவுகளையும் பார்க்கும். அம்மம்மாவின் காலத்து உறுதியில் வடக்கெல்லை ஒரு பாலை மரம் என்று இருந்தது. அந்தப் பாலை சண்டைக் காலத்தில் பதுங்குகுழிக்கு மேலே அடுக்கப் போனது. புதிதாகச் சேர்வையரைப் பிடித்து அளந்து, பக்கத்துக் காணிக்காரரைக் கூப்பிட்டு எல்லை காட்டி, வரைபடம் வந்தது. சேர்வையர், நொத்தாரிசு, வங்கியின் மதிப்பீட்டாளர், பிரதேச சபையின் கட்டட அனுமதி, காப்புறுதி எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குக் கிட்ட, ஒரு கல் வைக்க முதலே முடிந்தது. இந்தக் காசு கடனுக்குள் வராது. கைக்காசாக இருக்கவேண்டும். யாரும் இதைச் சேர்த்துக் கணக்குச் சொல்லமாட்டார்கள், ஒவ்வொன்றாகத்தான் வரும்.

அடுத்தது அவரின் கையெழுத்து. காணி என்னுடையது, தவணை என்னுடைய சம்பளத்தில் இருந்து போகப்போகிறது, ஆனால் தேசவழமைக்கு (வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட மனைவி தன்னுடைய காணியை ஈடு வைக்கப் புருஷனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். எனக்கு இதில் கோபம்தான். இன்றைக்கும் கோபம்தான். ஆனால் நொத்தாரிசின் கந்தோரில் நின்று சட்டத்தோடு சண்டை பிடிக்க முடியாது. அவர் டோகாவில் இருக்கிற இலங்கைத் தூதரகத்துக்குப் போய் எனக்கு அற்றோணி (தனக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம்) எழுதி அனுப்பினார். வந்த கடதாசியில் காணியைப் பராமரிக்க, குத்தகைக்குக் கொடுக்க, வழக்குப் பேச என்று எல்லாம் இருந்தது, ஈடு வைக்க என்ற சொல் மட்டும் இல்லை. வங்கியின் சட்டத்தரணி திருப்பி அனுப்பிவிட்டார். வரைவு எழுதித் தந்தவர் சிரித்துக்கொண்டு "அது பெரிய விஷயமில்லை பிள்ளை, திரும்ப எழுதலாம்" என்றார். அவருக்குப் பெரிய விஷயமில்லை. கட்டாரில் லீவு எடுத்துத் தூதரகத்தில் வரிசையில் நிற்கிறவருக்கு இரண்டு மாதம் போனது. கணவர் வெளிநாட்டில் என்றால் வரைவை அனுப்ப முதல் வங்கியின் சட்டப் பகுதிக்கே ஒருமுறை காட்டிவிடுங்கள். இன்ன காணியை, இன்ன வங்கிக்கு, இவ்வளவு தொகைக்கு ஈடு வைக்கலாம் என்று பச்சையாக எழுதியிருக்கவேண்டும். இங்கே வந்த பிறகு அதைப் பதிவும் செய்யவேண்டும்.

2021 கார்த்திகையில் கடன் சம்மதக் கடிதம் வந்தது. முப்பது லட்சம், பதினைந்து வருடம், வட்டி 11 வீதம், தவணை 34,000 ரூபாய்க்குச் சற்று மேல். எல்லாரும் அந்த 34,000ஐத்தான் பார்ப்பார்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் வட்டி 'ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர் கூட்டல் 2.5' என்றும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வு என்றும் இருந்தது. நான் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவள், கேட்டேன். "அது ஒரு ஃபோர்மலிட்டி மிஸ், ஒண்டு ரெண்டு கூடிக் குறையும்" என்றார்கள். அந்த நேரத்தில் அவர்கள் சொன்னது பொய்யுமில்லை. கொஞ்சக் காலமாக அப்படித்தான் இருந்தது. பெரிய வாடிக்கையாளர்களுக்கு வங்கிகள் குறுகிய காலக் கடன் கொடுக்கிற வட்டியின் சராசரிதான் அந்த ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். மத்திய வங்கி வாராவாரம் வெளியிடும், இணையத்தில் யாரும் பார்க்கலாம். நிலையான வட்டிக்கும் ஒரு தெரிவு இருந்தது, ஒன்றரை வீதம் கூட. அந்த மாதச் சம்பளச் சிட்டையை வைத்துக்கொண்டு பார்த்தால் அது தேவையில்லாத செலவாகத்தான் தெரிந்தது. யாருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். நீங்கள் வங்கியில் கேட்கவேண்டிய கேள்வி தவணை எவ்வளவு என்பது இல்லை. "வட்டி இருபதுக்குப் போனால் என்ரை தவணை எவ்வளவு? அந்தக் கணக்கை ஒரு பேப்பரில் எழுதித் தாங்கோ." இதைக் கேட்டால் முகம் மாறும். மாறட்டும்.

கட்டட வேலை 2022 தையில் மழை விட்ட பிறகு தொடங்கியது. வங்கி முப்பது லட்சத்தையும் ஒன்றாகத் தராது. அத்திவாரத்துக்கு ஒரு பத்து, சுவருக்கு ஒரு பத்து, கூரைக்கு ஒரு பத்து. அதுவும் வேலையை முடித்துக் காட்டினால்தான் மதிப்பீட்டாளர் வந்து பார்த்து அடுத்த பங்குக்கு எழுதுவார். அப்படியென்றால் ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் காசு நீங்கள் முன்னுக்குப் போடவேண்டும், மேசனுக்குச் சனிக்கிழமை கூலி நிற்காது. பங்குனியில் ரூபாயை மிதக்கவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு முதல் ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேலே இருந்த சீமெந்துப் பை நடு வருடத்தில் 3,000ஐச் சுற்றி நின்றது. கம்பி கேட்கவே வேண்டாம். இரண்டாவது பத்து லட்சம் சுவரை லிண்டல் மட்டத்துக்குக் கொண்டுவந்து அங்கே நிறுத்தியது. மேசன் வேறு வேலைக்குப் போனார். எரிபொருள் இல்லாததால் மதிப்பீட்டாளரும் வரவில்லை. மே, ஜூனில் சுவருக்குள் நாயுருவி முளைத்தது, பிள்ளைகள் அதற்குள் ஒளித்துப் பிடித்து விளையாடினார்கள். அவர்களுக்கு அது நல்ல காலம்.

ஆடியில் வங்கிக் கடிதம் வந்தது. வட்டி 25 வீதம். அந்தச் சித்திரையில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி உயர்த்தியிருந்தது, ஆடியில் இன்னும் ஒன்று. செய்தியில் கேட்டபோது அது கொழும்புக்காரரின் விஷயம் மாதிரி இருந்தது. இருபது லட்சம் எடுத்திருந்தேன். 11 வீதத்தில் மாத வட்டி 18,000 சொச்சம் கட்டிக்கொண்டிருந்தது 41,667க்குப் போனது. மூன்றாவது பத்தையும் எடுத்தால் வட்டி மட்டும் 62,500. என்னுடைய சம்பளம் 60,000. கடிதத்தைக் கந்தோர் லாச்சிக்குள் வைத்துவிட்டு அன்றைக்கு முழுக்கப் பற்றுச்சீட்டுகளைச் சரிபார்த்தேன். பின்னேரம் பஸ்ஸில் வரும்போதுதான் கை நடுங்குவது தெரிந்தது.

இரண்டு வாரத்துக்குப் பிறகு வங்கியில் ஒரு யோசனை சொன்னார்கள். கடன் காலத்தை இருபத்தைந்து வருடத்துக்கு நீட்டினால் தவணை குறையும் என்று. கேட்க ஆறுதலாக இருந்தது. கையெழுத்துப் போட முதல் ஒரு இரவு தா என்று மனம் சொன்னது. கரண்ட் இல்லாத இரவு, விளக்கடியில் கல்குலேற்றரை வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். இருபது லட்சத்துக்கு 25 வீத வட்டியில் பதினைந்து வருடம் என்றால் தவணை 42,700. இருபத்தைந்து வருடம் என்றால் 41,750. பத்து வருடம் கூடக் கட்டி, மாதம் ஆயிரம் ரூபாய்கூட மிச்சமில்லை. திரும்பத் திரும்பப் போட்டேன், பிழையாக்கும் என்று. பிழையில்லை. வட்டி 11 ஆக இருக்கும்போது அதே நீட்டிப்பு மூவாயிரத்துக்கு மேல் குறைக்கும். வட்டி உச்சத்தில் இருக்கும்போது தவணை முழுக்க வட்டிதான், முதல்தொகைக்குப் போவது அதற்குள் ஆயிரம் ரூபாய்தான். அதை எவ்வளவு இழுத்தாலும் என்ன குறையப்போகிறது? வட்டியை மட்டும் கொஞ்சக் காலம் கட்டுகிற சலுகைக்கும் இதே கதைதான். அந்த நேரம் எங்களைப்போல எத்தனையோ பேர் ஆறுதல் என்று நம்பிக் காலத்தை நீட்டினார்கள். குறைக்கக்கூடியது ஒன்றுதான், முதல்தொகை. முதல்தொகையில் மூன்று லட்சம் குறைந்தால் அந்த வட்டியில் மாதம் 6,250 குறையும்.

மூன்று லட்சத்துக்கு எங்கே போவது? கையில் இருந்தது நகை. ரூபாய் விழுந்ததால் பவுண் விலை ஏறியிருந்தது. அடைவு வைக்கலாம் என்று அம்மா சொன்னா. அடைவு வட்டியும் இருபதைத் தாண்டியிருந்தது, ஒரு வட்டியைக் கொடுக்க இன்னொரு வட்டி. விற்பது என்று முடிவெடுத்தேன். தாலிக்கொடி இல்லை, அதற்கு அம்மா விடமாட்டா. காப்பும் சங்கிலியும், மூன்று பவுண், நாலரை லட்சத்துக்குக் கிட்ட வந்தது. அவர் தொலைபேசியில் கத்தினார். "கூரையைப் போடு முதல்ல. ஐப்பசி மழைக்குச் சுவர் கரைஞ்சு போகும்." அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சீமெந்துக் கல்லுச் சுவர் கரையாது, ஆனால் மாரி முழுக்க நனைந்தால் பூசாத சுவர் கெட்டுத்தான் போகும். கடைசியில் மூன்று லட்சத்தை முதலுக்குக் கட்டினேன். மிச்சத்தில் இரண்டு அறைக்கு மட்டும் தகரம் போட்டோம். மூன்றாவது பத்து லட்சம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு விஷயம் கவனியுங்கள். பெரிய தொகை கட்டப்போனால் 'இது முதல்தொகையில் கழிக்க' என்று கடிதம் கொடுத்துக் கட்டுங்கள். சும்மா கணக்கில் போட்டால் வரப்போகிற தவணைகளுக்கு எடுத்துக்கொண்டு போய்விடும். முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்பதும் சம்மதக் கடிதத்தில் இருக்கும்.

வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் கடன் தனியாக வந்து ஆளை முறிப்பதில்லை. பங்குனிக் கடைசியில் பதின்மூன்று மணித்தியாலக் கரண்ட் வெட்டு வந்த நாட்களில் கணினி வேலை செய்யாது, ஆனால் மாத முடிவுக் கணக்கு போகத்தான் வேண்டும். கையால் எழுதி, இரவில் கரண்ட் வந்த நேரம் ஏற்றுவோம். பிறகு இரண்டு பேரை நிறுத்தினார்கள், அவர்களின் வேலை எனக்கு வந்தது, சம்பளம் வரவில்லை. காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் மாங்குளம் சந்தி, அங்கிருந்து பஸ். பெற்றோல் இல்லாத வாரங்களில் சந்திக்குச் சைக்கிள். வங்கி திறக்கிறது நான் வேலையில் இருக்கிற நேரம், மூடுகிறதும் நான் வேலையில் இருக்கிற நேரம். லீவு கேட்டால் "திரும்பவும் பாங்கா?" என்று ஒரு பார்வை. இரவில் மூன்று மணிக்கு விழிப்பு வரும், தலைக்குள் தானாகவே பெருக்கல் கணக்கு ஓடும். மகள் புலமைப்பரிசிலுக்குப் படிக்கிறாள், ஒரு நாள் பின்னக் கணக்கில் சந்தேகம் கேட்டதற்குக் கொப்பியைத் தூக்கி எறிந்தேன். அம்மாதான் ஒன்றும் பேசாமல் எடுத்துத் தூசு தட்டிக் கொடுத்தா. அதற்கு அடுத்த வாரம் மேலாளரிடம் போய், கடன் இருக்கிறது, மாதத்தில் ஒரு அரை நாள் எனக்கு வங்கிக்குப் போக வேண்டும், அதற்குச் சனிக்கிழமை வந்து வேலை செய்கிறேன் என்று உள்ளதைச் சொன்னேன். உடனே சம்மதித்தார். அவ்வளவு நாளும் பயந்துகொண்டு திரிந்தது ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

நாட்டுப்புறத்தில் இருக்கிறதால் செலவு குறைவுதானே என்று வவுனியாவில் கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. விறகு, கிணற்றுத் தண்ணீர், முருங்கை, மரவள்ளி எல்லாம் காணியில் உண்டு. இரண்டு மாடு, பால் காசு வாரம் வாரம் வரும், கடைச் செலவு அதில் ஓடியது. ஆனால் மரவள்ளியைப் பன்றி ஒரு இரவில் உழுதுவிட்டுப் போகும். குரங்கு பழைய வீட்டு ஓட்டை உடைக்கும். நெல்லுக் கதிர் முற்றுகிற நேரம் யானை வருகிறதென்று யாராவது வெடி கொளுத்தினால் இரவு முழுக்க நித்திரை இல்லை. இந்த வகைச் செலவு எதுவும் வங்கியின் வருமானப் படிவத்தில் இல்லை.

ஒரு நல்லதும் நடந்தது. ரியால் 55 ரூபாயில் இருந்து 95க்கு மேல் போனது. அவர் அனுப்புகிற ஆயிரம் ரியால் எங்களுக்கு ஏறக்குறைய இரட்டிப்பானது, வட்டி ஏறிய அதே வருடத்தில். அதுதான் 2022ஐத் தாண்ட வைத்தது. 2021 கடைசியில் உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள்மூலம் காசு அனுப்புகிற வழி) அனுப்பினால் வங்கியைவிடக் கூடத் தருகிறார்கள் என்று ஊரே உண்டியலுக்குப் போனது. நான் வங்கி மூலம்தான் அனுப்பச் சொல்லி அடம்பிடித்தேன். கடன் விண்ணப்பத்திலும் பிறகு சலுகை கேட்டபோதும் அந்த வரவுப் பதிவுதான் அவரின் வருமானத்துக்கு அத்தாட்சி. உண்டியல் காசுக்குக் கடதாசி இல்லை.

உலகக் கிண்ணம் முடிய அவரின் கொம்பனி ஆட்களைக் குறைத்தது. 2023 தையில் வந்து இறங்கினார். அதே மாதம் வட்டி மீளாய்வு வந்து 28 ஆனது. பதினேழு லட்சத்துக்கு மாதம் 39,000க்கு மேல், என்னுடைய சம்பளம் மட்டும். மிச்சம் இருபதாயிரத்தில் ஐந்து பேர். நெல்லு மாசியில் வெட்டினோம், விலை விழுந்திருந்தது. வித்த காசு கையில் வந்தவுடன் டிராக்டர்காரருக்கு, கடைக்காரருக்கு, பசளைக் கடனுக்கு என்று ஆட்கள் முற்றத்தில் நின்றார்கள். இந்த இடத்தில்தான் எனக்கு முழுக்க விளங்கியது: எங்களுடைய காசு காலபோகத்துக்கு ஒருமுறை, சிறுபோகம் செய்தால் இன்னொருமுறை வரும், வங்கியின் நாட்காட்டியில் அப்படி ஒரு மாதம் கிடையாது. அன்றைக்கு நெல்லுக் காசில் மூன்று தவணைக்கு உரியதை யாருக்கும் கொடுக்க முதல் வேறு ஒரு சேமிப்புக் கணக்கில் போட்டேன், வேறு வங்கியில், கார்ட் எடுக்காமல். இப்போது ஒவ்வொரு அறுவடைக்கும் அப்படித்தான். கடைக்காரர் முகம் கறுத்தார், ஆனால் அவர் வட்டிக்கு வட்டி போடமாட்டார்.

தவணைத் திகதியையும் பேசி மாற்றலாம் என்பது எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் கந்தோரில் சம்பளம் 25ஆம் திகதி என்று கடதாசியில் இருந்தது, நெருக்கடிக்குப் பிறகு அடுத்த மாதம் 8, 10 என்று இழுபட்டது. வங்கி 30ஆம் திகதி எடுக்கப் பார்க்கும், இருக்காது, தண்ட வட்டி விழும். தொகை சின்னது, ஆனால் கிறிப் அறிக்கையில் (ஒருவரின் கடன் வரலாறு பதிவாகிற அறிக்கை) பிந்திக் கட்டினதாகத்தான் ஏறும். சம்பளச் சிட்டைகளை இணைத்து, தவணையை 15ஆம் திகதிக்கு மாற்றித் தரும்படி கடிதம் கொடுத்தேன். கொஞ்சம் இழுத்துத்தான் செய்தார்கள், ஆனால் செய்தார்கள். மூன்று மாதம் தொடர்ந்து கட்டாவிட்டால் செயற்படாக் கடன் என்று வகுத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு பேச்சு வேறு மாதிரி இருக்கும். ஆகவே கட்ட முடியாது என்று தெரிகிற மாதத்திலேயே, தவற முதல், போய்ப் பேசுங்கள். எழுத்தில் கொடுங்கள், பிரதியில் கிடைத்ததற்கு முத்திரை வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது யாருக்கும் ஞாபகம் இருக்காது. பாதிக்கப்பட்டவர்களுக்குச் சலுகை கொடுக்கச் சொல்லி மத்திய வங்கி 2022 நடுவில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது, அதை நான்தான் கேட்கவேண்டியிருந்தது. சலுகைக் காலத்து வட்டி மன்னிக்கப்படுமா, முதலோடு சேருமா என்பதைக் கேளுங்கள். பெரும்பாலும் சேரும். வங்கி எழுத்துக்குப் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் பகுதிக்கு 1935க்கு அடிக்கலாம், நிதி ஒம்புட்ஸ்மனுக்கும் எழுதலாம். எனக்கு அவ்வளவு தூரம் போகவேண்டி வரவில்லை, ஆனால் கடிதத்தின் கடைசி வரியில் அதைக் குறிப்பிட்ட பிறகுதான் பதில் கெதியாக வந்தது.

அந்த மாசி, பங்குனியில் ஊரில் நல்லெண்ணத்தோடு வந்த ஆலோசனைகள்தான் பயங்கரம். பெண்கள் குழுவில் சேர்ந்து ஒரு நுண்கடன் எடுத்துத் தவணையைக் கட்டு என்றார்கள். வாரம் வாரம் வந்து முற்றத்தில் கதிரை போட்டு இருப்பார்கள், அந்தக் காட்சியை இந்த ஊர் ஏற்கனவே பார்த்திருக்கிறது. இன்னொருவர் நூற்றுக்கு ஐந்து வட்டிக்குத் தருவதாகச் சொன்னார், மாதம் ஐந்து. வருடத்துக்கு அறுபது. 28க்கு அழுகிறவள் 60க்குப் போவதா? கணவர் மேசன் வேலைக்கும் லாண்ட்மாஸ்ரர் ஓட்டவும் போகத் தொடங்கினார். டோகாவில் குளிரூட்டின கட்டடங்களுக்குள் வேலை செய்தவருக்கு முதல் மாதம் முதுகு நிமிரவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மாதங்களில் நாங்கள் இரண்டு பேரும் காசைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசினதாக எனக்கு ஞாபகம் இல்லை.

2023 நடுவில் இருந்து வட்டி இறங்கத் தொடங்கியது. ஏறும்போது உடனே ஏறியது, இறங்கும்போது அடுத்த மீளாய்வு வரட்டும் என்றார்கள். ஒப்பந்தத்தில் ஆறு மாதம் என்று இருந்தால் அது இரண்டு பக்கமும்தான், வாதாட இடமில்லை. மீளாய்வு மாதம் வந்தவுடன் அந்த வாரத்து வீதத்தை மத்திய வங்கியின் பக்கத்தில் எடுத்து அச்சடித்து, 2.5 கூட்டிக் கணக்குப் போட்டுக் கொண்டு போனேன். ஒரு முறை அவர்கள் போட்ட வீதம் கூடவாக இருந்தது. காட்டினேன், திருத்தினார்கள். சண்டை பிடிக்கத் தேவையே வரவில்லை. மொத்தத்தில் 11 வீதத்தில் கட்டியிருந்தால் போயிருக்கிறதைவிட நாலு லட்சத்துக்குக் கிட்டக் கூடப் போனது. கிட்டத்தட்ட அந்த மூன்று பவுணின் காசு.

காப்புறுதி பற்றி ஒன்று. கடனோடு சேர்த்து ஒரு ஆயுள் காப்புறுதி எடுப்பார்கள், கடனாளி இறந்தால் மிச்சக் கடனை அது கட்டும். யாருடைய உயிருக்கு எடுத்திருக்கிறது என்று பாருங்கள். எங்களுடையதில் என்னுடைய பெயர் மட்டும்தான் இருந்தது. தவணையில் பாதி அவரின் உழைப்பு. நான் கேட்டுத்தான் இரண்டு பெயருக்கும் மாற்றினார்கள், கட்டணம் கொஞ்சம் கூடியது.

இப்போது வட்டி திரும்பவும் 11க்குக் கிட்ட வந்துவிட்டது. வீட்டில் இரண்டு அறையும் குசினியும் முடிந்து குடிபுகுந்துவிட்டோம், விறாந்தையும் சாப்பாட்டறையும் அறுவடைக்கு அறுவடை எழும்புகிறது. வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பத்து லட்சத்தை இப்போது கேட்டால் புது விண்ணப்பம், புது மதிப்பீடு என்கிறார்கள், அதனால் கேட்கவில்லை. ஆனால் ஐந்து வருடத்துக்கு நிலையான வட்டிக்கு மாறலாம் என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது, 12.5 வீதம். எங்களுக்கு மாதம் ஆயிரத்தைந்நூறுக்குக் கிட்டக் கூடும். நான் மாறவேண்டும் என்கிறேன். இரவு மூன்று மணிக் கணக்கு திரும்ப வராமல் இருக்க அந்தக் காசைக் கொடுக்க நான் தயார். அவர் வட்டி இன்னும் இறங்கும், வீண் காசு என்கிறார். கையெழுத்து இரண்டு பேரும் வைக்கவேண்டும். இந்த முறை ஆள் பக்கத்தில் இருப்பதால் அற்றோணி தேவையில்லை, சம்மதம்தான் இன்னும் வரவில்லை.